புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் ஊர், சமூக வன உரிமை கேட்கலாமா?

கேள்வி: சத்தியமங்கலம் மலைப்பகுதியில் சோளகர் பழங்குடியினரின் ஒரு குடியிருப்பில் மகளிர் குழு நடத்துகிறேன். நெல்லி, கடுக்காய், பூச்சக்காய், தேன், சீமார்புல் எடுத்து விற்றுத்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. "இது புலிகள் காப்பகம், சமூக உரிமையெல்லாம் கிடைக்காது. தனிப் பட்டாவுக்கு மட்டும் மனுக் கொடுங்கள்" என்கிறார்கள். அப்படித்தானா?

பதில்: அப்படி இல்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் வனநிலம் என்றாலே சரணாலயமும் தேசியப் பூங்காவும் அதில் அடக்கம். உங்களுக்கு அடுத்த மலையான கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலை புலிகள் காப்பகத்தில் இருக்கும் சோளகர்களுக்கு 2011-இலேயே சமூக உரிமை வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் தாமதமானதற்குக் காரணம் சட்டமல்ல. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டா வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது.

தனிப் பட்டாவும் கேளுங்கள். 13.12.2005-க்கு முன்பிருந்து உழுதுவரும் நிலத்துக்கு, 4 ஹெக்டேர் வரை, கணவன் மனைவி இருவர் பெயரிலும் கிடைக்கும். ஆனால் தேன் பாறையும் நெல்லி மரமும் அந்தப் பட்டாவுக்குள் வராது. சிறு வனப்பொருள் எடுத்து விற்கும் உரிமைக்குப் படிவம் பி, காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமைக்குப் படிவம் சி. இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். பல ஊர்கள் படிவம் சி-யை விட்டுவிடுகின்றன. எனக்கு மிகுந்த வருத்தம் தருவது அதுதான்.

ஏனென்றால் காடும் பிழைப்பும் ஒன்றுசேரும் இடம் அங்கேதான் இருக்கிறது. பிலிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் பருவம் பார்த்துச் சருகுக்கு லேசாகத் தீ வைக்கும் வழக்கம் தடுக்கப்பட்டது. அந்த வழக்கம் நின்றதால்தான் உண்ணிச்செடி என்ற அந்நியக் களைச்செடி காடெங்கும் அடர்ந்தது என்று பெரியவர்கள் சொல்லிவருகிறார்கள். அங்கே நெல்லி மரங்கள் குறைந்ததற்கும் காய் பறிப்பதைவிட உண்ணிச்செடியும், மரக்கிளையில் ஒட்டி வளரும் புல்லுருவியுமே பெரிய காரணம் என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. காய் பறிக்க மரமேறுகிறவர்தான் புல்லுருவியை முதலில் பார்க்கிறார், அங்கேயே வெட்டியும் போடலாம். அவரைக் காட்டுக்குள் விடாமல் நிறுத்தினால் நஷ்டம் மரத்துக்கும்தான்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா லேகா என்ற கோண்டு ஊர், 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்குச் சமூக உரிமை பெற்றது. மூங்கிலைக் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டை ஊரே வழங்கும் அதிகாரம் 2011-இல் கிடைத்தது. மூங்கில் வருமானம் கிராம சபையின் கைக்கு வந்தது. எவ்வளவு வெட்டுவது, எதை விடுவது என்று முடிவெடுப்பதும் அதே சபைதான்.

உங்கள் ஊரில் முதல் வேலை, கிராம சபையைக் குடியிருப்பு அளவில் கூட்டுவது. ஊராட்சி அளவில் கூட்டினால் உங்கள் குரல் கூட்டத்தில் கரைந்துவிடும். வயதுவந்தோரில் பாதிப்பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். உங்கள் மகளிர் குழு இதற்குப் பெரிய பலம். பிறகு 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுங்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

ஆதாரம் குறைந்தது இரண்டு வேண்டும். பெரியவர்களின் எழுத்து வாக்குமூலமும் சட்டப்படி ஆதாரம்தான், தயங்காதீர்கள். அவர்களை அழைத்துக்கொண்டு எல்லையை நடந்தே பாருங்கள். ஓடை, தேன் பாறை, கோயில், இடுகாடு, பழைய குடியிருப்பின் கல்திட்டு என ஒவ்வொன்றையும் உங்கள் ஊர் அழைக்கும் பெயரிலேயே வரைபடத்தில் குறியுங்கள். பக்கத்து ஊரோடு எல்லை மோதினால் இரு ஊர்களின் வன உரிமைக் குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசித் தீர்க்க விதியிலேயே வழி இருக்கிறது. கள ஆய்வுக்கு வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்புக் கொடுங்கள்.

படிவம் சி-யோடு உங்கள் காட்டு விதிகளையும் தீர்மானமாக எழுதி வையுங்கள்: எந்த மாதம் பறிப்பது, கிளையை வெட்டாமல் பறிப்பது, பறவைக்கும் விதைக்கும் எவ்வளவு விடுவது, உண்ணிச்செடியை எங்கே பிடுங்குவது. வேட்டைக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை, அதையும் தீர்மானத்தில் சொல்லிவிடுங்கள்.

மனுவைக் கோட்டாட்சியர் தலைமையிலான குழுவிடம் கொடுத்ததும் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்த முடிவு எடுத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். விசாரணை முடியும்வரை ஊரை யாரும் வெளியேற்றக் கூடாது என்று 4(5) பிரிவு சொல்கிறது. அந்தப் பக்கத்தைப் படி எடுத்துக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.