பயிற்சியை முடித்தும் ஏன் தோற்கிறேன்? – வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு 29 வயது, மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். சென்ற மாதம் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ என்ற சண்டை வீடியோ விளையாட்டை வாங்கினேன். அடிப்படைப் பயிற்சியை முழுவதும் முடித்து, அதில் வரும் ரியூ என்ற வீரனின் காம்போ (தொடர் அடி) பயிற்சிகளிலும் பாதிக்கு மேல் தேறிய பிறகே இணையத்தில் ஆடப் போனேன். முதல் நாள் 17 ஆட்டங்களில் 16 தோல்வி. இந்தச் சண்டை விளையாட்டுகள் புதியவர்களுக்கு உண்மையிலேயே கற்றுத் தருகின்றனவா, கற்றுத் தருவதாகப் பாவனை செய்கின்றனவா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: கற்றுத் தருகின்றன, ஆனால் பாதியைத்தான். சதுரங்கத்தில் குதிரை எப்படித் தாவும், மந்திரி எப்படிச் சாய்வாகப் போகும் என்பதை ஒரே மாலையில் சொல்லிக் கொடுத்துவிடலாம். அதைக் கற்ற மறுநாளே அண்ணாநகரில் ஏதாவது ஒரு பயிற்சி மையத்தில் எட்டு வயதுச் சிறுமிக்கு எதிரே உட்கார்ந்தால் என்ன நடக்குமோ, அதுதான் உங்களுக்கும் நடந்திருக்கிறது.

நீங்கள் தேறிய காம்போ பயிற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எதிரி பொம்மைபோல நிற்கிறான். நீங்கள் முதல் அடியை வைத்து, அதன் பின் நான்கைந்து அடிகளைக் கோத்துவிடுகிறீர்கள். உண்மையான ஆட்டத்தில் அந்த முதல் அடியை வைப்பதற்குத்தான் போராட்டமே. அந்த அடி விழுந்த பிறகு செய்ய வேண்டியதை விரிவாகச் சொல்லித்தரும் விளையாட்டுகள், அதை எந்தத் தூரத்தில், எந்த நேரத்தில் முயல வேண்டும் என்பதை ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

1991இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ வெளியானபோது பாடம் என்று இருந்ததெல்லாம் கடையில் காசு போட்டு ஆடும் விளையாட்டுப் பெட்டியின் மேல் ஒட்டிய செய்முறைத் தாள்தான். மாம்பலத்தில் நான் காசு போட்டு ஆடிய சின்னக் கடையில் அந்தத் தாளும் பாதி கிழிந்திருக்கும். ஆனால் பின்னால் வரிசையில் நின்ற ஓர் அண்ணன், “டேய், அவன் குதிக்கிறப்ப நீயும் குதிக்காதே, கீழேயே நின்னு மேல குத்து” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடான பாடம் வீட்டுக்கு வந்த பல விளையாட்டுகளில் நெடுங்காலம் இல்லை. விதிவிலக்குகள் உண்டு. ‘வர்ச்சுவா ஃபைட்டர் 4 எவல்யூஷன்’ பயிற்சிப் பகுதியை இன்றும் பலர் மெச்சுகிறார்கள். ‘அண்டர் நைட் இன்-பர்த்’ வரிசை நடக்கக் கற்றுத்தருவதில் தொடங்கித் தேர்ந்தவர்களின் நுணுக்கங்கள் வரை போகிறது. என் கருத்தில் அது வேறொரு தவறு: முதல் வாரத்திலேயே முழுப் பாடத்திட்டத்தையும் படித்தவனுக்கு, ஆட்டத்தின் நடுவில் ஒன்றுகூட நினைவுக்கு வருவதில்லை.

இனி நீங்கள் செய்யக்கூடியது. அந்த 16 தோல்விகளில் கணிசமானவை ‘டிரைவ் இம்பாக்ட்’டால் வந்திருக்கும் என்பது என் ஊகம். வண்ணக் குழம்பு தெறிக்க எதிரி பாய்ந்து வரும் அந்த அடி, வரும் வழியில் உங்களுடைய இரண்டு அடிகள் வரை தாங்கிக்கொள்ளும். திரையின் ஓரத்தில் நின்று அதை பிளாக் செய்தாலும் (தடுத்தாலும்) நீங்கள் சுவரில் மோதித் தள்ளாடுவீர்கள். ஆனால் அது கிளம்பி வந்து விழ 26 ஃபிரேம்கள் (திரையில் அடுத்தடுத்து மாறும் படங்கள்) ஆகின்றன. ஒரு வினாடிக்கு 60 ஃபிரேம்கள் என்பதால் அது ஏறத்தாழ 0.43 வினாடி. கண்ணால் கண்டு விரலை அசைக்க மனிதருக்குச் சுமார் கால் வினாடி போதும் என்பதால், பதிலுக்கு உங்கள் டிரைவ் இம்பாக்ட்டை அழுத்த நேரம் இருக்கிறது. ஆனால் பயிற்சிப் பாடத்தில் அது வரப்போகிறது என்பது முன்கூட்டியே தெரியும். ஆட்டத்தில் தெரியாது, மனமும் வேறு பத்து வேலைகளில் இருக்கும்.

எனவே டிரெய்னிங் மோடில் பொம்மை எதிரிக்கு மூன்று செயல்களைப் பதிவு செய்யுங்கள்: ஒன்று டிரைவ் இம்பாக்ட், ஒன்று உட்கார்ந்து உதைப்பது, ஒன்று வெறுமனே முன்னால் நடப்பது. மூன்றும் முன்பின்னாக வரும்படி அமைத்துவிட்டு, உதைக்கு பிளாக், பாய்ச்சலுக்குப் பதில் பாய்ச்சல் என்று தினமும் பத்து நிமிடம் பழகுங்கள். இந்த வசதி விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அதைத் திறந்து இப்படிப் பயன்படுத்து என்று புதியவருக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

அடுத்து, தோற்ற ஆட்டங்களின் ரீப்ளேயைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் மேல் விழுந்த முதல் அடி எது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் வந்த ‘டெக்கன் 8’ இதில் ஒரு படி மேலே போயிருக்கிறது: ரீப்ளே ஓடும்போதே நடுவில் நிறுத்தி, ஆட்டத்தை நீங்களே கையில் எடுத்து, அந்த இடத்தில் வேறு என்ன செய்திருக்கலாம் என்று முயன்று பார்க்கலாம். புதியவருக்காக இந்த வகை விளையாட்டில் வந்த ஏற்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் பாடம் உங்கள் தோல்வியிலிருந்தே தொடங்குகிறது.

கேள்வி: ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’இல் ‘மாடர்ன்’ கட்டுப்பாட்டில் ஆடுவது ஏமாற்று வேலை என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். உண்மையா?
– கல்லூரி மாணவி, குரோம்பேட்டை

பதில்: இல்லை. பழைய முறையில் கீழ், சாய்வு, முன் என்று விரலை உருட்டிக் குத்த வேண்டியதை, இதில் ஒரு திசையும் ஒரு பொத்தானுமாக முடித்துவிடலாம். அதற்கு விலையும் வைத்திருக்கிறார்கள்: அப்படி எளிதாக விடும் சிறப்பு அடிகளின் வலு 20 சதவீதம் குறையும், சில சாதாரண அடிகள் கிடைக்கவே கிடைக்காது. விரலுக்கான பாடம் சுருங்குவதால் தூரத்தையும் நேரத்தையும் கவனிக்க மனம் மிச்சமாகிறது. தொடங்குபவருக்கு அது நல்ல பேரம். ‘டைனமிக்’ என்று மூன்றாவது முறையும் உண்டு. அதில் எந்த அடி என்பதை விளையாட்டே தேர்ந்தெடுக்கும், இணையத்தில் அது செல்லாது. கேலி செய்யும் நண்பர்கள் வீட்டுக்கு வரும்போது உங்கள் பாட்டியிடம் அந்த முறையில் கன்ட்ரோலரைக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன், ஆர்கேட் ஸ்டிக் (கடைப் பெட்டிகளில் இருப்பதுபோன்ற கைப்பிடியும் பொத்தான்களும் கொண்ட பலகை) இருந்தால்தான் முன்னேற முடியும் என்கிறான். விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. வாங்கித்தான் ஆக வேண்டுமா?
– ஒரு தந்தை, பெரம்பூர்

பதில்: வேண்டாம். 2014இல் லாஸ் வேகஸில் நடந்த ‘ஈவோ’ என்ற சண்டை விளையாட்டுப் போட்டியில் பிரான்ஸ் வீரர் லஃபி பட்டம் வென்றது முதலாம் பிளேஸ்டேஷனின் பழைய கன்ட்ரோலரில். ரிச்சி தெருவில் கன்ட்ரோலர் வாங்கும்போது திசைப் பொத்தான்கள் தனித்தனியாகச் சரியாக அழுந்துகின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஸ்டிக்கைப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

கேள்வி: என் தம்பிக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. தமிழில் கற்றுத்தரும் சண்டை விளையாட்டு ஏதேனும் உண்டா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: மேலே சொன்ன ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’, ‘டெக்கன் 8’ இரண்டிலும் தமிழ் இல்லை. சொற்களை நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியிருக்கும். அவை நிறையவும் இல்லை. ‘ஸ்டார்ட்அப்’ என்பது கையை ஓங்கும் நேரம். ‘ரெகவரி’ என்பது வீசிய கையைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் நேரம். எதிரி கையை இழுத்து முடிக்கும் முன் நாம் வைக்கும் அடிதான் ‘பனிஷ்’. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ டிரெய்னிங் மோடில் ‘ஃபிரேம் மீட்டர்’ என்றொரு பட்டை இருக்கிறது. ஓங்கும் நேரம், அடி விழும் நேரம், இழுக்கும் நேரம் ஆகியவற்றை அது வெவ்வேறு வண்ணங்களில் காட்டும். தம்பிக்கு முதலில் அதைத் திறந்து காட்டுங்கள், அதில் படிக்க வேண்டியது எதுவும் இல்லை.