கவுண்டி நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டால்

கேள்வி: கிரெடிட் கார்டு கடன் 1,840 பவுண்டை உடனே முழுவதுமாகக் கட்டும்படி கவுண்டி நீதிமன்றம் (இங்கிலாந்தில் கடன் போன்ற சிவில் வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம்) தீர்ப்பளித்துள்ளது. பகுதிநேர வேலையில் இருக்கும் நான் என்ன செய்வது? – வாசகி, லெஸ்டர்

பதில்: ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டினால் இத்தகைய தீர்ப்புகளுக்கான பொதுப் பதிவேட்டிலிருந்து உங்கள் தீர்ப்பு நீக்கப்படும்; இல்லையேல் 6 ஆண்டுகள் அதில் இருக்கும். அதற்கு அஞ்சி வட்டிக்குப் புதுக்கடன் வாங்காதீர்கள்.

என்245 படிவத்தில் உங்கள் வரவு செலவைக் காட்டி, மாதத் தவணையாகக் கட்ட அனுமதி கேளுங்கள். கடன் கொடுத்தவர் மறுத்தால், தவணை எவ்வளவு என்பதை நீதிமன்றமே தீர்மானிக்கும். பஸ் கட்டணம், மின்சார, எரிவாயு மீட்டரில் போடும் பணம், பிள்ளையின் பள்ளிக் காலணி போன்ற செலவுகளைக் கூச்சப்பட்டு விட்டுவிடுபவர்கள் பலர், அவற்றையும் எழுதுங்கள். மூன்றாம் மாதமே தவறிப்போகும் 50 பவுண்டைவிட, தவறாமல் கட்டும் 10 பவுண்டு மேல். வாடகையும் உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரியும் இதற்கு முன்னால் நிற்க வேண்டியவை.

இந்த விண்ணப்பத்துக்கு நீதிமன்றக் கட்டணம் உண்டு; குறைந்த வருமானத்தினர் கட்டணச் சலுகைக்குத் தனியே விண்ணப்பிக்கலாம். வழக்கு பற்றிய கடிதமே உங்களுக்கு வரவில்லை என்றால், தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் என்244 படிவத்தைத் தாமதமின்றி அனுப்புங்கள். நேஷனல் டெட்லைன், ஸ்டெப்சேஞ்ச் ஆகிய அமைப்புகள் இலவசமாகவே ஆலோசனை தருகின்றன.