குழந்தைக்கு வந்திருப்பது நிமோனியாவா, எவ்வளவு தீவிரம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இருமலோ மூச்சுத் திணறலோ உள்ள குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டு முதலில் மூச்சை எண்ணுங்கள். அழும்போதும் பால் குடிக்கும்போதும் வேண்டாம். மடியில் அமைதியாக இருக்கையில் முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். சின்னக் குழந்தைகள் ஒரே சீராக மூச்சு விடுவதில்லை, அதனால் 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் கணக்குத் தப்பும். 2 மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கு 60, 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயதுக்குள் 40. இதைத் தொட்டாலே வேக மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. காய்ச்சல் கொதித்தால் மூச்சும் ஏறும். தணிந்தபின் இன்னொரு முறை எண்ணிவிடுங்கள்.

அடுத்து, மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி உள்வாங்குகிறதா என்று பாருங்கள். விலா இடுக்குகள் மட்டும் லேசாகக் குழிவது இதில் சேராது.

வீசிங் (மூச்சில் விசில் சத்தம்) இருந்தால் மருத்துவர் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தைக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்ப எண்ணுவார். மூச்சு இறங்கிவிட்டால் பெரும்பாலும் அது வைரஸ் இளைப்புதான். இந்தப் படியை விட்டுவிடுவதால்தான் பல குழந்தைகள் வீணாக ஆன்டிபயாடிக் குடிக்கிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

பாலோ தண்ணீரோ குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் கண் திறக்காத மயக்கம், மூச்சு விடும்போது முனகல், உதடும் நாக்கும் நீலம், ரத்தத்தில் ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் கீழ்: இதில் ஒன்று இருந்தாலும் தீவிர நிமோனியா. அட்மிஷன், ஆக்சிஜன், ஊசி மருந்து உடனே வேண்டும். 2 மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் வேக மூச்சுக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஆக்சிஜன் அளக்கும் பெரியவர்களின் விரல் கிளிப்பைப் பிஞ்சு விரலில் மாட்டிப் பார்க்கும் எண்ணை நம்ப வேண்டாம்.

பாக்டீரியாவா வைரஸா என்று அறுதியிட்டுச் சொல்லும் ஒற்றைப் பரிசோதனை கிடையாது. எக்ஸ்ரே, சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) இரண்டுமே ஏமாற்றும். ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்த கல்ச்சரில் பெரும்பாலும் எதுவும் வளராது. அதனால்தான் 2 மாதம் முதல் 5 வயதுக்குள், அபாய அறிகுறி இல்லாமல் வேக மூச்சோ நெஞ்சு உள்வாங்கலோ மட்டும் இருந்தால், வாய்வழி அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதுகிறோம்: ஒவ்வொரு வேளைக்கும் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வீதம் தினமும் இரு வேளை, பொதுவாக 5 நாள். 48 மணி நேரத்தில் கட்டாயம் திரும்பக் காட்டுங்கள். காய்ச்சல் விடவில்லை என்றால் நுரையீரலைச் சுற்றி நீரோ சீழோ கோத்திருக்கலாம். அதை அல்ட்ராசவுண்டில் பார்த்துவிடலாம்.

காய்ச்சலோடு வலப்பக்க வயிற்று வலி என்று வரும் குழந்தைக்கும் மூச்சை எண்ணுங்கள். நுரையீரலின் அடிப்பகுதி நிமோனியா அப்பெண்டிக்ஸ் போலவே வலிக்கும்.