ஐம்பதில் கூப்பிட்ட கோச்

கேள்வி: என் மகன் படிக்கும் பள்ளியின் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் அணிக்கும் எங்கள் பரம வைரியான இன்னொரு பள்ளிக்கும் இருபது ஓவர் மேட்ச் நடந்தது. ஓப்பனிங் இறங்கிய என் மகன் ஒன்பதாவது ஓவரிலேயே ஐம்பதைத் தொட்டுவிட்டான். உடனே கோச், “போதும், ரிடயர் ஆகி வா” என்று கூப்பிட்டுவிட்டார். சதம் போச்சு. அவனுக்கு அப்புறம் இறங்கிய பையன்கள் எட்டு, பத்து என்று எடுத்துவிட்டு வந்தார்கள். 70 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தும் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தோஷம் இல்லை. சச்சினும் காம்ப்ளியும் பள்ளி மேட்சில் ஜோடி சேர்ந்து 664 ரன் அடித்தபோது யாராவது நடுவில் கூப்பிட்டார்களா? இந்தக் கோச்சை மாற்றச் சொல்லி பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். உங்கள் கருத்து என்ன?

பதில்: கூப்பிட்டார்கள்.

1988 பிப்ரவரி, மும்பை ஆசாத் மைதானம், பள்ளிகளுக்கான ஹாரிஸ் ஷீல்டு போட்டியின் அரையிறுதி. சாரதாஷ்ரம் பள்ளிக்கும் செயின்ட் சேவியர்ஸ் பள்ளிக்கும் ஆட்டம். சாரதாஷ்ரம் பக்கம் சச்சினும் காம்ப்ளியும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களுடைய கோச் அச்ரேக்கர் அன்று மைதானத்தில் இல்லை. துணைப் பயிற்சியாளர்தான் எல்லைக்கோட்டருகே நின்று “டிக்ளேர் பண்ணுங்கள்”, அதாவது இன்னிங்ஸை இத்தோடு முடித்துக்கொள்ளுங்கள் என்று கையைக் காலை ஆட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் அந்தப் பக்கமே திரும்பவில்லை. உணவு இடைவேளையில் அச்ரேக்கரிடம் போனில் பேச வேண்டி வந்தது. உடனே டிக்ளேர் செய்யச் சொன்னார். காம்ப்ளி அப்போது 349. “ஒரே ஒரு ரன் சார், 350 ஆகிவிடும்” என்று கெஞ்சினார். நடக்கவில்லை. சச்சின் 326, காம்ப்ளி 349, இருவரும் நாட் அவுட், 748-க்கு 2 டிக்ளேர் என்று முடிந்தது அந்த இன்னிங்ஸ். உங்கள் கோச் ஐம்பதில் கூப்பிட்டார், அவர் 349-ல் கூப்பிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். அதுவும் அவர்கள் விடலைப் பையன்கள், பெரிய போட்டியின் அரையிறுதி, நாள் கணக்கில் நடக்கும் ஆட்டம். உங்கள் மகனுடையது பன்னிரண்டு வயதுக் குழந்தைகளின் இருபது ஓவர்.

அந்த 664-ஐப் பற்றிப் பேசுபவர்கள் பந்து போட்ட பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. அன்று 182 ரன் கொடுத்து அடி வாங்கிய ஒரு லெக் ஸ்பின்னரின் பெயர் சாய்ராஜ் பகுதுலே. 2001-ல் அவரும் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடினார். ஆக, ஸ்கோர் புத்தகத்தில் ஒரு நாள் விழுந்த எண்ணைப் பார்த்து யார் மேலே வருவார்கள் என்று சொல்ல முடியாது. மறுபக்கம் இன்னொரு கதை இருக்கிறது. 1899-ல் இங்கிலாந்தின் கிளிப்டன் கல்லூரியில் 13 வயதுப் பையன் காலின்ஸ், பள்ளிக்குள்ளேயே நடந்த ஜூனியர் ஆட்டம் ஒன்றில் 628 நாட் அவுட். பல நாள் மாலைகளில் தொடர்ந்து ஆடி அடித்தது. அந்தச் சாதனை 2016 வரை நின்றது. அடித்த காலின்ஸ் முதல்தர கிரிக்கெட்டில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ராணுவத்துக்குப் போய் 1914-ல் முதல் உலகப் போரில் இறந்துபோனார்.

2016 ஜனவரியில் அதை உடைத்ததும் ஒரு பள்ளி மேட்ச்தான். பிரணவ் தனவாடே என்ற மாணவன் 1009 நாட் அவுட். நாமெல்லாம் வாயைப் பிளந்தோம். எதிரணியின் கணக்கு எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? 31-க்கு ஆல் அவுட், 52-க்கு ஆல் அவுட். இன்னிங்ஸும் 1382 ரன்னும் வித்தியாசம். அந்தப் பக்கம் இறங்கியவர்களில் பெரும்பாலோர் அனுபவமில்லாத சின்னப் பையன்கள் என்று அப்போதே செய்தி வந்தது. வெயிலில் நின்று 1465 ரன்னுக்குப் பந்து பொறுக்கிய அந்தப் பதினொரு பேரில் எத்தனை பேர் மறுநாள் மட்டையைத் தொட்டிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

சரி, உங்கள் மேட்சுக்கு வருவோம். “எட்டு, பத்து என்று எடுத்துவிட்டு வந்தார்கள்” என்று கொஞ்சம் இளப்பமாகவே எழுதியிருக்கிறீர்கள். அந்த எட்டின் அருமை எனக்குத் தெரியும். நானும் பள்ளி ஜூனியர் அணியில் பதினொன்றாவது ஆள். அவுட் ஆகி வரும் பையன் கழற்றிக் கொடுக்கும் பேடுதான் எனக்கு. உள்பக்கம் அவன் வியர்வை ஈரம் இருக்கும். பட்டையை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் முழங்காலில் நிற்காமல் பக்கவாட்டில் சுற்றிக்கொள்ளும். அதைக் கட்டிக்கொண்டு மூன்று மேட்ச் உட்கார்ந்திருந்தேன், ஒரு பந்து ஆடவில்லை. பந்து வீச்சும் கிடையாது. ஃபைன் லெக்கில் நின்று புல்லைப் பிடுங்கிக்கொண்டிருப்பேன். நான்காவது மேட்சில் இரண்டு பந்து. முதல் பந்து நேராகக் கீப்பரிடம் போனது. அடுத்தது மட்டை ஓரத்தில் பட்டு தேர்டு மேன் பக்கம் ஓடியது, ஒரு ரன். நேற்று காலை என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் யோசிப்பேன். அந்தப் பந்து போன பாதையை இப்போதும் வரைந்து காட்டுவேன்.

ஜூனியர் கிரிக்கெட்டில் எல்லாவற்றையும் குழந்தைகளுக்காகக் குறைத்திருக்கிறார்கள். பெரியவர்களின் பந்து 155.9 முதல் 163 கிராம், பதின்மூன்றும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு 133 முதல் 144 கிராம்தான். ஸ்டம்ப் உயரம் குறைவு, பிட்ச் நீளமும் குறைவு. 25, 30, 50 என்று ஏதோ ஓர் எண் வைத்து அடித்தவரை ரிடயர் ஆகச் சொல்வதும் பல ஜூனியர் போட்டிகளில் வழக்கம். மற்றவர்கள் எல்லாம் அவுட் ஆகிவிட்டால் மறுபடி இறங்கலாம் என்றும் பல இடங்களில் விதி உண்டு. உங்கள் கோச் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். இந்த விதியை மேட்ச் தொடங்கும் முன்பே பையன்களிடமும் பெற்றோரிடமும் சொல்லியிருக்க வேண்டும். நடுவில் கையைக் காட்டி அழைத்தால் எந்தப் பையனுக்கும் தான் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரிதான் இருக்கும். இதைக் கோச்சிடம் கேளுங்கள், கேட்க வேண்டியதுதான்.

பரம வைரி என்கிறீர்களே, அதற்கும் ஒரு வார்த்தை. 1805-ல் ஈட்டன் பள்ளிக்கும் ஹாரோ பள்ளிக்கும் லார்ட்ஸில் ஒரு மேட்ச். ஹாரோவுக்கு ஆடியவர்களில் ஒருவர் பின்னாளில் பெரிய கவிஞரான பைரன். ஹாரோவுக்கு இன்னிங்ஸ் தோல்வி. நண்பருக்குக் கடிதம் எழுதிய பைரன், தான் 11-ம் 7-ம் எடுத்ததாக அளந்துவிட்டார். ஸ்கோர் பட்டியலில் இருப்பது 7-ம் 2-ம். (வீட்டுக்கு வந்து ரன் கணக்கைக் கூட்டிச் சொல்லும் பையன்களுக்கு நல்ல முன்னோடி.) ஆனால் அதே கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது: மேட்ச் முடிந்ததும் இரண்டு பள்ளிக்காரர்களும் ஒன்றாகச் சேர்ந்து நாடகம் பார்க்கப் போனார்கள். கொழும்பில் ராயல் கல்லூரியும் புனித தோமையார் கல்லூரியும் மோதும் ஆட்டத்தில், 1885-ல் ராயல் 9 ரன்னில் சுருண்டது. ஒன்பது! அந்த ஆட்டத்தின் முடிவு என்ன என்று இரு பள்ளிகளும் இன்னும் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கின்றன. ஆனால் ஒன்பதில் சுருண்டவர்கள் மறுபடியும் வந்தார்கள், தொடர் இன்றும் நடக்கிறது. வைரிக்குத் திரும்ப வரத் தெம்பு இருந்தால்தான் அடுத்த வருஷம் மேட்ச்.

கடைசியாக, “எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தோஷம் இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த “யாருக்கும்” என்பதில் உங்கள் மகனும் உண்டா என்று அவனிடமே ஒருமுறை கேட்டுவிடுங்கள். பன்னிரண்டு வயதுக்குள் ஒன்பது ஓவரில் ஐம்பது அடித்தவன், பெவிலியனில் உட்கார்ந்து நண்பர்களோடு கத்திக்கொண்டு நன்றாகத்தான் இருந்திருப்பான் என்று தோன்றுகிறது.

கையெழுத்து விஷயம். அன்று பத்தாவதாகவும் பதினொன்றாவதாகவும் இறங்கின பையன்களின் அப்பா அம்மாவிடம் முதலில் வாங்கி வாருங்கள். அவர்கள் போட்டுவிட்டால், கீழே என் பெயரையும் எழுதிக்கொள்ளலாம்.