விண்டோஸில் சரியாக வரும் எமோஜி லினக்ஸில் கட்டமாவது ஏன்?

எழுத்து வகையைப் பார்த்து அதன் என்கோடிங்கை (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையை) சொல்லும் டிரெய்ட் ஒன்றை, அதாவது வகையைப் பற்றிய தகவல் தரும் டெம்ப்ளேட்டை, சி++-இல் எழுதியிருக்கிறீர்கள். அதில் டபிள்யூசார்_டி (wchar_t) என்ற வைட் எழுத்து வகைக்கு யூடிஎஃப்-16 என்று நிரந்தரமாக எழுதியிருப்பதுதான் கோளாறு. விண்டோஸில் அந்த வகை 2 பைட். லினக்ஸில் ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்கள் இரண்டிலும் வழக்கமாக 4 பைட், அதாவது யூடிஎஃப்-32. டபிள்யூசார்_டி-க்கான அந்த ஸ்பெஷலைசேஷனை (தனி வரையறையை) நீக்கிவிட்டு, அதன் சைஸ்ஆஃப் (பைட் அளவு) 2 என்றால் சார்16_டி-யின் டிரெய்ட்டையும் 4 என்றால் சார்32_டி-யின் டிரெய்ட்டையும் கண்டிஷனல் (std::conditional) வழியாக இன்ஹெரிட் செய்யுங்கள்.

கட்டம் எங்கிருந்து வருகிறது? சிரிக்கும் முக எமோஜியின் யூனிகோட் எண் 128512. லினக்ஸில் அது ஒரே யூனிட். அதை 16 பிட்டுக்குள் திணித்தால் 65536 கழிந்து 62976 மிஞ்சும். அது யூனிகோடில் எந்த எழுத்துக்கும் ஒதுக்காத தனிப்பயன் பகுதி, எழுத்துருவில் பெரும்பாலும் வடிவம் இருக்காது. விண்டோஸில் அதே எமோஜி 55357, 56832 என்ற இணையாக இருப்பதால் தப்பிக்கிறது. அன்றாடத் தமிழ் எழுத்துகள் எல்லாம் 65536-க்குள் அடங்குவதால், தமிழை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படாது.

சோதிக்க:
1. அந்த எமோஜி மட்டும் உள்ள வைட் ஸ்டிரிங்கின் நீளத்தை அச்சிடுங்கள். லினக்ஸில் 1, விண்டோஸில் 2 வர வேண்டும்.
2. பொது டெம்ப்ளேட்டை வரையறுக்காமல் வெறும் அறிவிப்பாக விடுங்கள். தெரியாத வகை வந்தால் கம்பைலரே நிறுத்திவிடும். கான்ஸ்ட் வகையும் அதில் மாட்டும் என்பதால் கான்ஸ்டை நீக்கும் ரிமூவ்_சிவி-யை முதலில் போடுங்கள்.

டபிள்யூசார்_டி-யை 2 பைட்டாக்கும் ஜிசிசி கொடியை (கம்பைலர் ஆப்ஷனை) தொடாதீர்கள். 4 பைட்டை எதிர்பார்க்கும் சிஸ்டம் நூலகத்தோடு மோதும்.

ஒன்று மட்டும் கவனம்: வெறும் சார் வகைக்கு இந்த உத்தி உதவாது. உள்ளே இருப்பது யூடிஎஃப்-8-ஆ, பழைய கோட் பேஜா (யூனிகோடுக்கு முந்தைய எழுத்து அட்டவணையா) என்று வகை சொல்லாது. சி++20 இருந்தால் யூடிஎஃப்-8-க்கு சார்8_டி-யைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் என்கோடிங்கைத் தனி டெம்ப்ளேட் பாராமீட்டராகக் கொடுங்கள்.