மகள் வேதியியலை விட வேண்டாம், அண்ணாச்சி

மார்த்தாண்டம் முகாமில் நீங்கள் கேட்டதற்கு நின்ற நிலையில் பதில் சொன்னது எனக்குத் திருப்தியாக இல்லை. மகள் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முதல் வருஷம் முடித்திருக்கிறாள், அதை விட்டுவிட்டு டேட்டா சயின்ஸில் சேர்க்கலாமா என்றீர்கள். விட வேண்டாம். இரண்டும் சேருகிற இடம் ஒன்று இருக்கிறது: வினையூக்கி ஆராய்ச்சி. வேதிவினையை வேகப்படுத்திவிட்டு, தான் தீர்ந்துபோகாமல் இருக்கும் பொருளைத்தான் வினையூக்கி என்கிறோம்.

உங்கள் பைக்கையே எடுத்துக்கொள்வோம். புகைக்குழாய்க்குள் தேன்கூடு மாதிரி ஒரு துண்டு இருக்கும். அதன் சுவரில் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) பூசி, அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்களைப் பொடிப்பொடியாகப் பதித்திருப்பார்கள். விஷவாயுவை மாற்றும் வினையூக்கி அந்த உலோகம், அதைப் பிடித்து வைத்திருப்பது அலுமினா. அதைத் தாங்கி என்கிறோம். உலோக மணி 2 நானோமீட்டர் அளவில் இருந்தால் ஏறத்தாழ பாதி அணுக்கள் வெளிப்பரப்பில் இருக்கும், அதாவது வேலை செய்யும். சூட்டில் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதானால் விலை கொடுத்து வாங்கிய உலோகம் உள்ளே முடங்கிவிடும். நல்ல தாங்கி அதைத் தடுக்கும். சீரியம் ஆக்சைடு போன்ற சில தாங்கிகள் ஆக்சிஜனைச் சேர்த்து வைத்து, வேண்டும்போது கொடுக்கவும் செய்யும். அந்தச் சீரியம் நம் மணவாளக்குறிச்சி மணலிலுள்ள மோனசைட் என்ற தாதுவில் இருக்கிறது. அதே மணலின் இல்மனைட் தாதுவிலிருந்து கிடைக்கும் டைட்டானியம் ஆக்சைடும் ஒரு தாங்கிதான்.

எந்த உலோகம், எந்தத் தாங்கி, எத்தனை சதவீதம், எவ்வளவு சூடு என்று பார்த்தால் கணக்கு பல்லாயிரத்தில் போகும். 1909 முதல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் மிட்டாஷ் குழுவினர் அமோனியா தயாரிக்க ஏறத்தாழ 2,500 வினையூக்கிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். இப்போது பழைய முடிவுகளை அட்டவணையாக்கி, மூலக்கூறு உலோகத்தில் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்பதைக் கணினியில் கணக்கிட்டு, எதை முதலில் செய்து பார்க்கலாம் என்று தேர்ந்தெடுக்கிறார்கள். ரொம்ப இறுக்கமும் ஆகாது, ரொம்பத் தளர்வும் ஆகாது. இப்படிப்பட்ட 12 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்கீடுகள் 2020 முதல் 'ஓப்பன் கேட்டலிஸ்ட்' என்ற பெயரில் இலவசமாகவே கிடைக்கின்றன.

சரி, இதற்கு வேதியியல் எதற்கு? ஓர் அட்டவணையில் அலுமினாமேல் 5 சதவீத நிக்கல் என்று இரண்டு வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் உள்ளே போன வாயுவில் 40 சதவீதம் மாறியிருக்கிறது, மற்றதில் 75. பைத்தான் என்ற கணினி மொழி மட்டும் தெரிந்தவர் சராசரி எடுத்துவிட்டுப் போய்விடுவார். உங்கள் மகள், "சோதித்த வெப்பநிலை என்ன, வாயு எவ்வளவு வேகமாக ஓடியது?" என்று கேட்பாள். ஒன்று 350 டிகிரியிலும் மற்றது 400 டிகிரியிலும் செய்ததாக இருக்கலாம். இன்னொரு விஷயம், தோல்வியடைந்த சோதனைகளைப் பெரும்பாலும் யாரும் வெளியிடுவதில்லை. அதனால் அட்டவணை எப்போதும் வெற்றிப் பக்கம் சாய்ந்தே இருக்கும். இதையெல்லாம் பிடிக்க லேபில் கை நனைந்திருக்க வேண்டும்.

அதனால் பட்டத்தை முடிக்கட்டும். கூடவே தினம் ஒரு மணி நேரம் பைத்தானும் புள்ளியியலும் படிக்கட்டும், என்.பி.டி.இ.எல். என்ற இணையதளப் பாடங்களைப் பார்க்க காசு வேண்டாம். கடைசி வருஷத்தில் ஐ.ஐ.டி. ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி., அப்புறம் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. வினையூக்கி ஆராய்ச்சிக்கு சென்னை ஐ.ஐ.டி.யும் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகமான என்.சி.எல்.லும் நல்ல இடங்கள். வீட்டை விட்டு ரொம்ப தூரம் அனுப்பத் தயக்கம் என்றால் திருவனந்தபுரத்தில் நிஸ்ட் (NIIST), ஐசர் (IISER) என்ற மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன.

இது நீண்ட பாதை என்பதை மறைக்க மாட்டேன். மூன்று வருஷத்தில் அவள் சம்பளம் வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால் என்னிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள், வேறு விதமாகத் திட்டமிடுவோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். லேப் ரெக்கார்டு நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். அதிலுள்ள டைட்ரேஷன் அளவுகளை வைத்தே முதல் பைத்தான் பாடத்தை நான் தொடங்கி வைக்கிறேன்.