மெல்போர்ன் கிரேக்கக் குடும்பங்களில் பேரப்பிள்ளைகளிடம் மொழியும் வழக்கமும் எப்படித் தங்குகின்றன?

"ஓக்லீ பக்கம் போனால் தெரு முழுக்கக் கிரேக்கக் காபிக்கடைகள், ஆனால் பிள்ளைகள் இங்கிலீஷில்தான் பேசுகிறார்கள். அப்படியானால் இவர்கள் காப்பாற்றிவிட்டார்களா, தொலைத்துவிட்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட தொனியைப் பார்த்தால், நீங்களும் வாரக் கடைசியில் பிள்ளையை ஒரு தமிழ்ப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, காருக்குள் உட்கார்ந்து யோசிக்கிறவர் போலத் தெரிகிறது. இல்லையென்றால் மன்னிக்கவும்.

பதிலுக்கு முன் ஒரு வேண்டுகோள். இந்தத் தளத்தில் கிரேக்கம் என்ற சொல்லைக் கண்டாலே முசிறி, மிளகு, யவனர், "நம் அரிசிதான் அங்கே 'ஒரிஸா' (அரிசிக்கான கிரேக்கச் சொல்) ஆனது" என்று ஓடிவருகிறவர்கள் இருக்கிறார்கள். கிரேக்கச் சமையலைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில், கிரேக்கப் பொருளாதார நெருக்கடியைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில். தயவுசெய்து இங்கே வேண்டாம். கேள்வி, கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளைப் பற்றியது.

சுருக்கமாகச் சொன்னால்: சாப்பாடு, ஆட்டம், பண்டிகை மூன்றும் நன்றாகவே தங்கியிருக்கின்றன. மொழி கரைந்துகொண்டிருக்கிறது. எது தங்கியது என்று பார்த்தால், பிள்ளைக்கென்று ஒரு வேலை இருந்த இடங்களில் தங்கியிருக்கிறது. "நாம் யார் தெரியுமா, உலகுக்கே ஜனநாயகம் கொடுத்தவர்கள்" என்று பெருமை மட்டும் ஊட்டிய இடங்களில் பதினாறு வயதுக்குள் காணாமல் போயிருக்கிறது.

மெல்போர்னில் கிரேக்கச் சமூக அமைப்பு 1897இலேயே தொடங்கிவிட்டது. பெரிய அலை 1952ஆம் ஆண்டு ஆஸ்திரேலியா–கிரீஸ் குடியேற்ற ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தது. 2021 கணக்கெடுப்பில் ஆஸ்திரேலியா முழுவதும் தங்களைக் கிரேக்க வழியினர் என்று சொன்னவர்கள் சுமார் 4.24 லட்சம். வீட்டில் கிரேக்கம் பேசுவதாகச் சொன்னவர்கள் சுமார் 2.3 லட்சம். அந்த இடைவெளிக்குள்தான் உங்கள் கேள்வி இருக்கிறது.

சனிக்கிழமைப் பள்ளியிலிருந்து தொடங்குகிறேன். பள்ளி நடத்துகிறவர்கள் சண்டைக்கு வராதீர்கள். பள்ளி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, அதன் கணக்கைச் சொல்கிறேன். வாரம் 3 மணி நேரம், ஆண்டுக்கு 40 வாரம் என்றால் 120 மணி. அதே பிள்ளை விடுமுறையில் பத்து நாள் யாயா (பாட்டி) வீட்டில் இருந்தாலே, விழித்திருக்கும் நேரம் இந்தக் கணக்கைத் தாண்டிவிடும். ஆகவே பள்ளி எழுத்துக்கும் இலக்கணத்துக்கும். பேச்சுக்கு வேறு இடம் வேண்டும். பேச்சையும் பள்ளி கொடுத்துவிடும் என்று பெற்றோர் நம்புவதுதான் முதல் தவறு. உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் வயதில் சனிக்கிழமை விளையாட்டுப் போட்டிகள் குறுக்கே வரும், பாதிப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் மொழிப் பாடத்தின் மதிப்பெண் சற்று உயர்த்திக் கணக்கிடப்படும் என்பதால் சிலர் பிறகு திரும்பி வருவார்கள். நடுவில் விட்ட மூன்று நான்கு ஆண்டுகள்தான் அப்போது உதைக்கும்.

எழுத்தில் எங்கே தடுக்குகிறது என்றால், 24 எழுத்தில் அல்ல, ஒரே ஒலிக்குப் பல எழுத்து இருப்பதில். 'இ' என்ற ஒலிக்கு ஈட்டா, யோட்டா, இப்சிலோன் என்று மூன்று எழுத்துகள். போதாததற்கு எப்சிலோன்–யோட்டா, ஒமிக்ரோன்–யோட்டா என்ற இரட்டைகளும் அதே ஒலிதான். நம் ல, ள, ழவிலாவது உச்சரிப்பு வேறுபாடு உண்டு; இங்கே காது உதவாது. அதனால் சொல்லைத் தனியாகக் கொடுக்காமல் முன்னால் வரும் சுட்டுச் சொல்லோடு (ஆங்கிலத்தின் 'the' போன்றது) சேர்த்துக் கற்பிப்பது நல்லது. பெண்பால் சுட்டு வந்தால், 'இ' என்று முடியும் பெயர்ச்சொல் பெரும்பாலும் ஈட்டாவில் முடியும். பொதுப்பால் சுட்டு வந்தால் யோட்டாவில். இந்த ஒரு விதி எழுத்துப்பிழையில் பெரும்பங்கைக் குறைக்கும்.

பேச்சில் முதலில் உதிர்வது விளி வேற்றுமை. தாத்தா 'பப்பூஸ்', ஆனால் கூப்பிடும்போது 'பப்பூ'. ஆள் பெயர் யோர்கோஸ், கூப்பிட்டால் யோர்கோ. "முருகன், இங்கே வா" என்று ஒரு குழந்தை சொன்னால் நம் காதில் எப்படி இடிக்கும், அப்படித்தான் அவர்களுக்கும். பிள்ளை 'யோர்கோஸ்!' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டால், வீட்டில் கிரேக்கத்தில் ஆளைக் கூப்பிடும் பழக்கமே குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கல் பெரியவர்கள் பேசும் மொழியிலேயே இருக்கிறது. காருக்கு இவர்கள் 'காரோ' என்பார்கள். கிரீஸில் அந்தச் சொல்லுக்குக் கட்டைவண்டி என்று பொருள், காருக்கு 'அஃப்தோகீனித்தோ'. சந்தைக்கு 'மார்கெத்தா' என்பார்கள், அங்கே அது 'அகோரா'. ஏதென்ஸிலிருந்து புதிதாக வரும் ஆசிரியர் பிள்ளை வாயில் காரோவைக் கேட்டதும் "தப்பு" என்று வெட்டிவிடுவார். பிள்ளைக்கு அது "யாயாவுக்கே சரியாகத் தெரியாது" என்று போய்ச் சேரும்; பிறகு யாயாவிடம் பேசுவது நின்றுவிடும். மொழி திருத்தப்போய் மொழி பேச இருந்த ஒரே ஆளை வெட்டிவிட்ட கதை. நோட்டில் இரண்டு பத்தி போட்டு, ஒன்றில் வீட்டுச் சொல், மற்றதில் ஊர்ச் சொல் என்று எழுத வைத்தால் இரண்டும் தங்கும். யாயா எழுதும் சீட்டில் எழுத்துக்கு மேலே விதவிதமான குறிகள் இருப்பதும் பிள்ளையை மிரட்டும். 1982இல்தான் கிரீஸ் அவற்றை ஒரே அழுத்தக் குறியாகச் சுருக்கியது. அதற்கு முன் படித்தவர்கள் கைப்பழக்கத்தில் பழையதைப் போடுகிறார்கள். "குறியைப் பார்க்காதே, எழுத்தைப் படி" என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

இப்போது ஆட்டம். சனிக்கிழமைப் பள்ளியை விட்ட பிள்ளைகள்கூட ஆட்டக் குழுவை விடுவதில்லை, காரணம் வரிசை. கலமத்தியானோஸ் ஆட்டத்தில் எல்லோரும் கைகோத்துத் திறந்த வட்டமாக நிற்பார்கள், கைகள் முழங்கையில் மடங்கித் தோள் உயரத்தில் இருக்கும். ஒருவர் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவரின் கை காற்றில் நிற்கும். "நீ வராவிட்டால் வரிசை அறும்" என்பதுதான் நான் சொன்ன வேலை.

தாளம் எட்டில் ஏழு, 3+2+2. மிஸ்ர சாபு தெரிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம், "தகிட தக திமி" என்று சொன்னால் உட்கார்ந்துவிடும். மொத்தம் 12 அடி: 10 முன்னோக்கி, அதாவது வலப்புறமாக, 2 பின்னோக்கி. பழகாத பிள்ளைகள் பாப் பாட்டுக் காதோடு வந்து நான்கு நான்காக எண்ணுவார்கள். இரண்டாவது சுற்றிலேயே கால் பாட்டைவிட்டு விலகிவிடும். அதற்கு மருந்து: முதல் வாரம் கால் வேண்டாம், கைதட்டல் மட்டும். நீள அடிக்கு ஒரு தட்டு, இரண்டு குறும் அடிக்கு இரண்டு தட்டு. அது ஒட்டிய பிறகு காலைச் சேர்க்கலாம். முன்னால் ஆடுகிறவருக்கும் இரண்டாமவருக்கும் நடுவில் ஒரு கைக்குட்டை இருக்கும். அது அழகுக்கு மட்டுமல்ல. முன்னவர் சுழலவும் குனிந்தெழவும் இரண்டாமவர்தான் பிடிமானம். எனவே இரண்டாம் இடத்தில் எடை தாங்கும் ஆளை நிறுத்த வேண்டும், அழகாக ஆடும் சிறுபிள்ளையை அல்ல. இங்கேதான் விழுகிறார்கள்.

மேடையில் கைதட்டல் வாங்கும் சிர்த்தாக்கியைப் பண்டைய கிரேக்க ஆட்டம் என்று பலர் எழுதுகிறார்கள். அது 1964இல் வெளிவந்த ஒரு திரைப்படத்துக்காக, ஹசாப்பிக்கோ என்ற பழைய ஆட்டத்தின் அடிகளை வைத்துக் கோத்தது. ஆடுங்கள், தப்பில்லை, ஹோமர் காலத்தது என்று மட்டும் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். இணையத்தில் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும், அதன்பின் நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்பாது.

ஆட்டத்தை ஒட்டியே ஊர்ச் சங்கங்களும் வரும். இதாக்கா தீவுக்காரர்கள் மெல்போர்னில் 1916இலேயே சங்கம் வைத்துவிட்டார்கள். கருங்கடல் கரையிலிருந்து பெயர்ந்த பொந்துக் கிரேக்கர்களுக்குத் தனி மொழிவழக்கு, மூன்று நரம்பு வில்யாழ், செரா, கொத்சாரி என்று தனி ஆட்டங்கள். "கிரேக்கம்" என்ற பெரிய சொல்லைவிட "நம் தீவு", "நம் ஊர்" என்ற சின்னச் சொல் இளையவர்களை நன்றாகப் பிடிக்கிறது. ஊர் சின்னதாக இருந்தால் ஆள் பற்றாக்குறை, ஆள் குறைந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேலை. இதைப் பிரிவினை என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

வீட்டில் செய்யக்கூடியதில் முதலிடம் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று முட்டைக்குச் சிவப்பு ஏற்றுவதற்கு. அளவு சொல்கிறேன். 12 முட்டைக்கு, பழுப்புத் தோல் வெங்காயம் 15இன் காய்ந்த மேல்தோல், ஒரு லிட்டரைச் சற்றுத் தாண்டிய தண்ணீர், 2 மேசைக்கரண்டி வெள்ளை வினிகர். தோலை அரை மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, நன்றாக ஆறவிட வேண்டும். சாயம் சிவப்பு என்பதால் சிவப்பு வெங்காயத் தோலைப் போடுகிறார்கள், நிறம் மங்கிப்போகும். முட்டையைக் குளிர்பெட்டியிலிருந்து நேரே எடுத்துப் போட்டால் வெடிக்கும். ஒன்றிரண்டு மணி முன்பே வெளியே வைத்துவிடுங்கள். ஒரே அடுக்காக அடுக்கி, நடுத்தரத் தீயில் கொதி வந்ததும் மூடித் தணலைக் குறைத்துக் கால் மணி. ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் தொட்ட இடம் வெளுத்து நிற்கும். ஆஸ்திரேலியக் கடை முட்டை பெரும்பாலும் பழுப்பு ஓடு, அதில் செங்கல் நிறம்தான் வரும். பளிச்சென்ற சிவப்பு வேண்டுமென்றால் வெள்ளை ஓடு தேடுங்கள், அல்லது கிரேக்கக் கடையில் விற்கும் சாயப்பொடி. துடைத்துக் காய்ந்தபின் பஞ்சில் ஆலிவ் எண்ணெய் தொட்டுத் தேய்ப்பது பிள்ளையின் வேலை. உயிர்ப்பு நள்ளிரவுக்குப் பிறகு முட்டையோடு முட்டை மோதும் விளையாட்டு. "கிறிஸ்தோஸ் அனெஸ்தி" (கிறிஸ்து உயிர்த்தார்) என்றால் "அலிதோஸ் அனெஸ்தி" (உண்மையாகவே உயிர்த்தார்) என்று பதில். கிரேக்கமே வராத பிள்ளைகூட இந்த இரண்டு வரியைச் சுத்தமாகச் சொல்லும். அன்றைய மயிரித்சா, ஆட்டுக் குடலும் ஈரலும் போட்ட சூப், மட்டும் பேரப்பிள்ளைகளிடம் செல்லுபடியாகவில்லை. பல வீடுகளில் காளான் போட்டுச் சமாளிக்கிறார்கள்.

நாட்காட்டியையும் கவனியுங்கள். 2024இல் மேற்கத்திய ஈஸ்டர் மார்ச் 31, ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் மே 5. பள்ளி விடுமுறை முன்னதையொட்டி வரும். பின்னது பல ஆண்டுகளில் பள்ளி நடக்கும் காலத்தில் விழும். வெள்ளிக்கிழமை இரவுப் பூப்பல்லக்கு ஊர்வலத்துக்குப் பிள்ளை தூங்கி வழிந்துகொண்டு வருவதற்கு அதுதான் காரணம், பக்திக் குறைவு இல்லை.

சமையல் குறிப்பு எடுக்கப்போனால் யாயா சொல்லும் அளவு "ஓசோ பாரி", மாவு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு. நம் "கை அளவு" மாதிரிதான். கேட்டு எழுதினால் பலகாரம் கல்லாகும். மாவு டப்பாவைத் தொடங்குமுன் ஒருமுறை, முடித்தபின் ஒருமுறை எடைபோட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். "ஒரு கிளாஸ்" என்றால் எந்தக் கிளாஸ் என்று அவர் கையில் இருப்பதையே வாங்கித் தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள். தண்ணீர்க் கிளாசும் காபிக் கோப்பையும் மாறிப்போவதால்தான் பாதிக் குறிப்புகள் கெட்டிருக்கின்றன.

கிரீஸ் பயணத்தில் எல்லோரும் செய்யும் பிழை டிசம்பர், ஜனவரியில் கூட்டிப்போவது. இங்கே நீண்ட விடுமுறை, அங்கே குளிர்காலம்; தீவில் கடை பூட்டியிருக்கும், சம வயதுப் பிள்ளை ஒன்றும் இராது. ஆகஸ்ட் 15 மரியன்னை திருவிழாவில்தான் ஊர் நிறைந்திருக்கும், அது விக்டோரியாவில் பள்ளி நாள். இரண்டு வாரம் விடுப்பு எழுதிக் கூட்டிப்போவது, நான்கு குளிர்காலப் பயணங்களுக்குச் சமம். ஆண்பிள்ளையைக் கிரேக்கக் குடிமகனாகப் பதியும் எண்ணம் இருந்தால், கட்டாய ராணுவச் சேவை அவனுக்கும் பொருந்தும். வெளிநாட்டு நிரந்தரவாசிச் சான்று பற்றித் தூதரகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கடைசியாகக் குரல் பதிவு. இருபது வயதில் கப்பலேறியவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியவர்கள். கைப்பேசியை மேசைமேல் வைத்தால் கோப்பைச் சத்தம்தான் பதிவாகும். மடித்த துண்டின் மேல் வையுங்கள். "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்றால் பள்ளிக்கூடக் கிரேக்கத்துக்கு மாறிவிடுவார்கள், ஊர்ப்பேச்சு ஒளிந்துகொள்ளும். பழைய புகைப்படத்தைக் கொடுத்து, "இது யார், இது யார் வீட்டுச் சுவர்" என்று கேட்க வேண்டும். பிள்ளையே கேட்கட்டும், உடைந்த கிரேக்கத்தில். அப்போது யாயா திருத்துவார், திருத்தும்போது ஊர்ச்சொல் வெளியே வரும். ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும்; கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தேதியும் ஊரும் புகைப்படத்தின் எண்ணும் சேருங்கள், இல்லையென்றால் ஐந்து வருடம் கழித்து யார் வீட்டுச் சுவர் என்று யாருக்கும் தெரியாது.